கதவுக்கு வெளியே பூமி

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். பள்ளிப்படிப்பு ஒன்பதாவதோடு சரி. மீதியைப் புடவை எடுக்க வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஜமக்காளத்தில் கால் மடக்கி உட்கார்ந்த எவரும் சும்மா எழுந்து போனதில்லை, ஒரு பழமொழியையாவது உதிர்த்துவிட்டுத்தான் போவார்கள். நான் அதை வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு முறை மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, "முதல்ல காட்டற புடவையை யாரும் எடுக்கமாட்டா, அது இல்லாம மத்ததையும் எடுக்கமாட்டா" என்றார். என் தொழிலின் சூட்சுமத்தை என்னிடமே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த அம்மாதான் என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டவர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். புடவைப் பெட்டியைக் கட்டும்போது கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து என் கையில் வைத்தார். மனிதன் பூமியை விட்டுப் போய் வேறு இடங்களிலும் குடியேற வேண்டும் என்று நம்புகிறவர்கள் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு அடையாற்றில் ஒரு டியூஷன் சென்டரில் கூடுகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. அந்த அம்மாதான் செயலாளர்.

"நீங்க இவ்வளவு நன்னாப் பேசறேள். எங்க சங்கத்துல எல்லாருக்கும் கணக்கு வரும், பேச்சு வராது. வாங்களேன்" என்றார்.

கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழு மணிக்கு என்ன வேலை, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். என் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன். அவள் சொன்னது என்பதால் தேதி போட்டு எழுதினேன்.

வெளிநாட்டில் இப்படிப் பெரிய பெரிய சங்கங்கள் இருக்கின்றனவாம். எங்களுடையது எதற்கும் கிளை இல்லை. இருபது இருபத்தைந்து பேர். அதில் என்னைத் தவிர எல்லோரும் பட்டதாரிகள், பாதிப்பேர் கிண்டிப் பக்கம் பொறியியல் படித்தவர்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், செவ்வாயில் வீடு கட்டுவது எப்படி, நிலாவில் பயிர் வளருமா என்று பேசுவதுதான் சங்கத்தின் முக்கிய வேலை. அதில் நான் நுழைந்ததும் கதையே மாறிவிட்டது. ராக்கெட்டின் மூக்கு சின்னது, சூரிய வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடோ பெரியது, அதை எப்படி உள்ளே அடக்குவது என்று மற்றவர்கள் படம் போட்டு விளக்குவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடும். நான் ஒரு பட்டுப்புடவையை உள்ளங்கையளவு மடித்து எடுத்துக்கொண்டு போய், ஒரு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறுவேன். ஆறு கஜமும் வகுப்பின் அந்தக் கோடிக்குப் போய் விழும். "இவ்வளவுதான் கண்ணுகளா விஷயம். மடிக்கத் தெரிஞ்சவனுக்கு வானமும் ஒரு பெட்டிதான்" என்பேன். கைதட்டல் அடங்க நேரமாகும்.

"எங்க சங்கத்துல ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் இருக்கார் தெரியுமோ" என்று வருகிற விருந்தினர்களிடம் என்னைக் காட்டுவார்கள். படிக்காத ஒருவன் என்பதுதான் அங்கே என் பட்டம். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் ஒரு ஞாயிறு, செயலாளர் அம்மாவின் ராஜா அண்ணாமலைபுரம் மாடி வீட்டில் எட்டுப் பேர் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிவிட்டதாகப் பாவனை. போன் கிடையாது. குழாய்த் தண்ணீர் கிடையாது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் நூறு லிட்டர் டிரம் ஒன்றுதான். வெளியே மாடிப்படி முகப்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெயர் 'பூமி'. உள்ளே இருப்பவர்கள் சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினால், பூமி பன்னிரண்டு நிமிஷம் கழித்துத்தான் அதைக் கையில் எடுக்கலாம். பதில் எழுதி மறுபடி பன்னிரண்டு நிமிஷம் வைத்திருந்துதான் உள்ளே தள்ளலாம். செவ்வாய்க்கும் பூமிக்கும் செய்தி போக அவ்வளவு நேரம் ஆகும் என்பது கணக்கு. ஆலோசனை சொல்லலாமே ஒழிய, ஒரு குண்டூசிகூட உள்ளே அனுப்பக்கூடாது.

அந்த எட்டுப் பேரை ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுப்போம். "பூட்டிய கதவுக்குள் யாரோடு இருக்கச் சம்மதம்?" என்று மேலே அச்சடித்த சீட்டு. கீழே எட்டுக் கோடு. நான் சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷமும் என் பெயர் முதல் மூன்றுக்குள் வந்துவிடும். அடைபட்ட இடத்தில் பேச ஆள் வேண்டுமே. அந்த ஆறு ஞாயிறுகளுக்கும் கடையில் ஃப்ளோர் மேனேஜரிடம் சண்டை போட்டு லீவு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் லீவு கேட்பதும் திருப்பதியில் புரட்டாசி சனிக்கிழமை லீவு கேட்பதும் ஒன்று. அப்படியும் வாங்கினேன் என்றால் அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது வருஷம் டியூஷன் சென்டரின் குடிநீர் ஃபில்டர் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய வடபழனியிலிருந்து ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும். நாங்கள் உள்ளே, குடியேற்றத்தில் கழிவுநீரைத் திரும்பக் குடிநீராக்குவது பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"இன்னா சார், ஒண்ணுக்குப் போன தண்ணியத் திருப்பிக் குடிக்கிறதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து? நம்ம மெட்ராஸ்காரனாண்ட கேட்டா இது ஒரு மேட்டரா?" என்றான்.

அறையே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய், எந்தத் தண்ணீரை எங்கே பிரிக்கவேண்டும், எது எதோடு சேரக்கூடாது என்று கோடு போட்டான். பொறியியல் படித்தவர்கள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். நடுவில் ஒருவர், குழாய்களில் அழுத்தம் கூடினால் எங்கே உடையும் என்று கேட்டார்.

"பைப்புக்குக் கோவம் வந்தா ஒட்டுலதான் சார் காட்டும்" என்றான்.

என் அறை அது, என் மாதிரி ஆள் ஒருவன் என் மாதிரியே பேசுகிறான். அதைவிட மோசம், அவன் சொன்னது நன்றாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை நோட்டில் எழுதினேன். பொறாமை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்ததும் வந்தான். என்னைப் பார்த்தால் "அண்ணே" என்று முகமெல்லாம் பல்லாக வருவான். "தம்பி" என்பேன். அந்த மூன்று எழுத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு அவனையும் அழைத்துப்போனார்கள். நான் புடவையை உதறி முடித்ததும் அவன் ஒரு பக்கெட் சாக்கடைத் தண்ணீரைக் கொண்டுவந்து, மணல், கரி, கூழாங்கல் போட்ட குழாயில் ஊற்றுவான். அடியில் தெளிந்து வருவதைப் பார்க்கப் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நிற்பார்கள். என் புடவை ஒரு மூலையில் கிடக்கும். அதை நானே மடித்து எடுத்துவைப்பேன்.

"ஒசரத்துல கீற டேங்க்குதான் அண்ணே மொதல்ல காலியாவும்" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது யாரைப் பற்றியோ சொன்னான். என்னைத்தான் சொல்கிறானோ என்று மூன்று நாள் தூங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"அவன் டேங்க்கப் பத்திச் சொல்லியிருப்பான். உங்களுக்குத்தான் சக்களத்தி வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"சக்களத்தியா? எனக்கா?"

"பின்ன? ராத்திரி சோத்துல கை வெச்சா அவன் பேச்சு, காலைல பல்லு தேச்சா அவன் பேச்சு. எங்கிட்டகூட இவ்வளவு பேசினதில்ல நீங்க."

அந்த வருஷத்து ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்துப் படித்தார்கள். அவன் பெயர் முதலில் வந்தது. எட்டாவது பெயர் வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நான் ஒன்பதாவது.

"ஒண்ணும் நினைச்சுக்காதேங்கோ. இந்த வருஷம் தண்ணி ஏற்பாடு புதுசு, அதனால அவர் உள்ள இருந்தாகணும். நீங்க பூமியா இருந்துடுங்களேன்" என்றார் செயலாளர் அம்மா. ஒன்றும் நினைக்கவில்லை என்று சிரித்தேன். இருபத்தாறு வருஷம் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, கேட்டதும் வந்துவிடும்.

கதவைப் பூட்டும் ஞாயிற்றுக்கு முந்தின நாளே அவன் வந்து டிரம்மில் குழாயைப் பூட்டி, உபயோகித்த தண்ணீர் ஃபில்டர் வழியாகப் போய்க் கழிவறைக்குப் பயன்படும்படி அமைத்துவிட்டிருந்தான். காலை ஆறு மணிக்குத் தன் கருவிப்பையைப் படிக்கட்டில் என் பக்கத்தில் வைத்தான். உள்ளே எடுத்துப்போக அனுமதி இல்லை. "பாத்துக்க அண்ணே" என்றான். கதவு சாத்திக்கொண்டது.

நான் ஒரு நாற்காலி, செல்போன் அலாரம், கடையிலிருந்து கொண்டுவந்த பழைய பில் பேட் ஆகியவற்றோடு உட்கார்ந்தேன். பேசியே பழகினவனை ஒரு வார்த்தைக்கு இருபத்து நாலு நிமிஷம் காக்க வைத்தால் எப்படி இருக்கும்? தண்டனை என்றால் அதுதான். அதோடு உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. எட்டு மணிக்கு ஒரு சிரிப்பு. ஒன்பதரைக்கு ஒன்று, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். போன வருஷம் அதே அறையில் என் பேச்சுக்கு இப்படிச் சிரித்தார்களா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மேஜையைத் தட்டியதாக நினைவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு சீட்டு வெளியே வந்தது. பன்னிரண்டு நிமிஷம் அது தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு எடுத்தேன். அவன் கையெழுத்து, கோணல் கோணலாக:

"அண்ணே, டிரம்மாண்ட ஒட்டு லீக் ஆவுது. சுத்தறதுக்கு டேப்பு இல்ல. ஆளுக்குப் பத்து நிமிசம் வெரல் வெச்சு அடைச்சிக்கினு கீறோம். வூட்டுல நூலு கீலு எங்கியாச்சும் கீதா? எல்லாம் தேடிட்டோம், அம்மாவுக்கே தெரியல."

எட்டுப் பேர் முறைவைத்துக் குழாய் ஒட்டில் விரல் வைத்திருக்கிறார்கள். சிரிப்புக்குக் காரணம் அதுதான். தண்ணீர் தீர்ந்தால் ஆறு மணிக்கு முன்னால் கதவைத் திறக்க வேண்டிவரும். எங்கள் சங்கத்தில் அது ஒருமுறைகூட நடந்ததில்லை.

நூல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் செயல்விளக்கப் புடவையை அந்த வீட்டில்தான் வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டிக்கு அடியில், ஃபால் பிரிந்தால் தைப்பதற்காக நானே ஒரு நூல்கண்டும் ஊசியும் போட்டு வைத்திருந்தேன். விறுவிறுவென்று எழுதினேன்: "மர அலமாரி, கீழ்த்தட்டு, புடவைப் பெட்டிக்கு அடியில் நூல்கண்டு. எண்ணெய் தொட்டுக் குழாய் மரையில் சுற்று."

பிறகு பன்னிரண்டு நிமிஷத்துக்கு அலாரம் வைத்தேன்.

கோபத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தால் ஆறிவிடும் என்பார்கள். பொறாமைக்குக் கொடுத்தால் அது சோறு பொங்கிச் சாப்பிட்டுத் தெம்பாக எழுந்து வருகிறது. இவன் போட்ட ஒட்டு ஒழுகுகிறது. ஒழுகட்டும். தண்ணீர் தீரட்டும். கதவு திறக்கட்டும். ஆறு வருஷம் நான் உள்ளே இருந்தபோது ஒழுகாத வீடு, இவன் வந்த வருஷம் ஒழுகியது என்று ஆகட்டும். அடுத்த சீட்டில் யார் பெயர் எழுதுவார்கள்? உள்ளே மறுபடி ஒரு சிரிப்பு.

மேல் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன். அடுத்த தாளில் "தெரியவில்லை" என்று எழுதினேன். அலாரம் அடித்தது. தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தமே இல்லை. சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன், இந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. செயலாளர் அம்மா எழுபதைத் தாண்டியவர். அவர் ஈர விரலோடு குழாயருகில் குந்தியிருப்பது கண்முன் வந்தது. சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இன்னொரு சீட்டு வந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வரவில்லை. கேட்காமல் பூமி பேசக்கூடாது என்று விதி ஒன்று இருந்ததா, நானே உண்டாக்கிக்கொண்டேனா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆறு மணிக்குச் சங்கத்து ஆட்கள் எல்லோரும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். கதவு திறந்தது, ஆறு அடித்த பிறகுதான். செயலாளர் அம்மா நேராக என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை, நூல் இருக்குன்னு நீங்க எழுதினேள். இல்லேன்னா ரெண்டு மணிக்கே திறந்திருப்போம். டிரம்முல இன்னும் தண்ணி மிச்சம் இருக்கு, போய்ப் பாருங்கோ!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுதியது "தெரியவில்லை". அது எனக்குத் தெரியும், அந்தச் சீட்டை உள்ளே வாங்கினவனுக்கும் தெரியும். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் காபிக்கு உள்ளே போனதும் கருவிப்பையை எடுக்க வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா அண்ணே, உன்னுது. நான்தான் வாங்கினேன். வேற யாரும் பாக்கல."

"தெரியவில்லை" என்ற என் எழுத்துக்கு மேலும் கீழும் வெறும் தாள்தான். அவன் அதை வாங்கிப் படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். மை இல்லாமல், பள்ளம் பள்ளமாக ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. மர அலமாரி, கீழ்த்தட்டு, புடவைப் பெட்டிக்கு அடியில்.

எங்கள் கடையில் கம்ப்யூட்டர் பில்லுக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு கையால் எழுத வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி. மூன்றாவதிலும் விழவேண்டும் என்றால் தாள் கிழிகிற மாதிரி அழுத்தவேண்டும். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம். நான் கிழித்துப் பையில் போட்ட நிஜம், அடுத்த தாளில் பொய்க்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

"இன்னா அண்ணே, இப்டியா அழுத்தி எழுதுவ?"

"பில் போடற கை" என்றேன்.

"அதான் பாத்தேன்."

"நீ ஏன் சொல்லல?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சொல்லி இன்னா ஆவப்போது? உள்ள எட்டு பேரு, வெளிய ஒருத்தரு. வெளிய கீறவரு மேல நம்பிக்கை பூட்டா, அப்பால எவன் அண்ணே உள்ள போவான்?" இரண்டு படி இறங்கினவன் திரும்பினான். "பைப்புக்குக் கோவம் வந்தா ஒட்டுல காட்டும், வுடு."

அதை ஏற்கெனவே நோட்டில் எழுதியிருந்தேன். அன்றைக்கு மறுபடி ஒருமுறை எழுதினேன்.

இதோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தீரவில்லை. அதுவரை அவன் கையையும் வாயையும் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அதற்குப் பிறகு அவன் மனசைப் பார்த்தும் படவேண்டியதாயிற்று. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தச் சீட்டை எட்டுப் பேருக்கும் படித்துக் காட்டியிருப்பேன், ஒரு பழமொழியும் சேர்த்து.

இந்த வருஷம் ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள். பூட்டிய கதவுக்குள் யாரோடு இருக்கச் சம்மதம்? முதல் கோட்டில் அவன் பெயரை எழுதினேன். பிடிக்காமல்தான் எழுதினேன், ஆனால் வேறு பெயர் வரவில்லை. என் பெயர் வருமா என்று இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தபோது செயலாளர் அம்மா எழுந்து நின்றார்.

"எண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். போன வருஷம் நம்மளக் காப்பாத்தினதே பூமிதான். இனிமே இவர்தான் நமக்கு நிரந்தரமாப் பூமி. இவர் பேரை எட்டுல சேர்க்க வேண்டாம். சம்மதமா?"

கைகள் தடதடவென்று தட்டின. அவன் மட்டும் தட்டவில்லை. "அம்மா, அண்ணன உள்ள வுடுங்க, நான் வெளிய குந்திக்கிறேன்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன காரணம் சொல்லி நான் உள்ளே வருகிறேன் என்பேன்? அந்தக் காரணத்துக்குள் போனால் "தெரியவில்லை" வரை போகவேண்டும்.

"வேணாம் தம்பி. எனக்குப் படிக்கட்டுதான் சௌகரியம்" என்றேன்.

போன ஞாயிறு மறுபடி அதே நாற்காலி, அதே பில் பேட். ஏழரைக்கு உள்ளே மேஜை தட்டுகிற சிரிப்பு எழுந்தது. உடனே கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்து எடுத்தேன்.

"அண்ணே, நாங்க சிரிக்கிறது கேக்குதா?"

"கேட்கிறது" என்று எழுதினேன், அழுத்தி. அலாரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.